மதவிகார வழக்கும் நான் கிழித்த குறிப்பும்

1. ஒரு பக்கம்

ஸ்டேஷன் ஜீப் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு பாகப்பத்திரத்தை மலையாளமாக்கிக்கொண்டிருந்தேன். கேரளத்து வண்டிப்பெரியாரில் இருபத்தாறு வருஷம் ஆதாரமெழுத்து ஆபீஸ் நடத்தியவள் நான். பத்திரம் எழுதுவது பாதி வேலை. தமிழ்க் காகிதங்களை மலையாளத்தில் எழுதி, 'சரியான மொழிபெயர்ப்பு' என்று சீல் வைத்துக் கொடுப்பது மீதி வேலை. கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் லேபர் ஆபீஸுக்கும் அது தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் இந்த மலையில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.

மலைமேலே ஒரு ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. நேரில் வந்திருந்தார். கையில் ஒரு வாட்ஸ்அப் பிரிண்ட்-அவுட்.

"டீச்சரே, இது அர்ஜென்ட். வள்ளி புள்ளி விடாதே மலையாளத்தில் வேணும்." ஒரு எழுத்துகூட விடாமல் வேண்டுமாம்.

எழுதியவர் கருப்பையா, ஒரு தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் பார்ப்பவர். அந்த வாரம் மழையில் அவர் குடியிருந்த லயத்தின், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கூரை சரிந்து, அவருடைய ஆறு வயசு மகளுக்குக் கை முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எஸ்டேட் குரூப்பில் இதைப் போட்டிருக்கிறார்:

"ஏ மாரியாத்தா, உனக்கு மட்டும் காங்கிரீட்டுல கோபுரம் கேக்குதோ? எம் புள்ள மேல ஓடு விழும்போது எங்கடி போன? கண்ணு அவிஞ்சு போச்சா? கமிட்டிக்காரன் குடுத்த பட்டைப் போத்திக்கிட்டுப் படுத்துட்டியா? வாடி வெளிய, வந்து எனக்குப் பதில் சொல்லு."

எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தாலும் கடன் வந்தாலும் அம்மனை இப்படித்தான் கூப்பிடுவார்கள். கும்பிடுகிறவன்தான் திட்டுவான். மற்றவனுக்கு அவளிடம் என்ன பேச்சு?

எழுத ஆரம்பித்தேன். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் வந்தது. வாசித்துப் பார்த்தால் வேறு என்னவோவாக இருந்தது. அந்த 'டி' எல்லாம் தெருச்சண்டை வசவுபோல நின்றது. பட்டைப் போர்த்திப் படுத்த வரியைத் தமிழ் தெரியாத ஒருவர் எப்படி வாசிப்பார் என்று நினைக்கவே கூசியது. அதனால் கீழே மூன்று வரியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதினேன். தமிழ்ப் பக்தர்கள் அம்மனை உரிமையோடு திட்டி வேண்டுவது வழக்கம், இது அந்த வகைப் பேச்சு என்று.

எஸ்.ஐ. குறிப்பில் விரலை வைத்தார். "இதொந்நும் வேண்டா டீச்சரே. உள்ளது மட்டும் மதி. அர்த்தம் கோடதி நோக்கிக்கொள்ளும்."

உள்ளது மட்டும் போதுமாம், அர்த்தத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளுமாம். எனக்கு வரும் வேலையில் பாதி ஸ்டேஷன் வழியாக வருவது. அந்தத் தாளைக் கிழித்து, குறிப்பில்லாமல் வேறொன்று எழுதிக் கொடுத்தேன். சீலும் வைத்தேன். மொத்தமே நாற்பது நிமிஷ வேலை.

2. புகார் கொடுத்தவர்

கருப்பையாவை ஆஸ்பத்திரியிலேயே பிடித்தார்கள். எஃப்.ஐ.ஆரில் மதவிகாரத்தை விரணப்படுத்தியதாகப் பிரிவு. விரணப்படுத்துவது என்றால் புண்படுத்துவது. மலையாளத்தில் விகாரம் என்றால் உணர்வு. தமிழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். என் ஆபீஸில் அந்தச் சொல்லை வைத்துப் பலமுறை சிரித்திருக்கிறோம்.

புகார் கொடுத்த தங்கராஜ் கோவில் கமிட்டிச் செயலாளர். லயம் ரிப்பேர் கான்ட்ராக்ட்டும் அவரிடம்தான். அவர் மலையாளி இல்லை. கருப்பையாவின் தாத்தாவும் அவர் தாத்தாவும் ஒரே கங்காணியோடு மலையேறியவர்கள். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஜாமீன் கிடைக்கப் பதினாறு நாள் ஆனது. அதற்குள் ஃபேக்டரியில் சஸ்பென்ஷன் ஆர்டர் ஒட்டிவிட்டார்கள். கூரை ஏன் சரிந்தது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஊர் முழுக்கப் பேச்சு மாரியாத்தாளைக் கருப்பையா என்ன சொன்னான் என்பதுதான். நான் எழுதிய மலையாளத்தைத்தான் ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

3. ஜங்ஷனில் கூட்டம்

கருப்பையா ஜெயிலில் இருந்தபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் ஐம்பது அறுபது பேர் இறங்கி வந்து ஜங்ஷனில் கூட்டம் போட்டார்கள். கருப்பையாவை விடு என்பதோடு நிற்கவில்லை. அந்தச் சட்டப் பிரிவே வேண்டாம் என்றார்கள். முன்னால் நின்றவர் முத்துப்பேச்சி. முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவர். திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதும் அவர்தான்.

கருப்பையாவின் வக்கீல் ஜெஸி முதலில் பேசினார். "இந்தப் பிரிவு எந்தச் சாமியையும் காப்பாத்தலை. புகார் எழுதத் தெரிஞ்சவனைத்தான் காப்பாத்துது. இன்னைக்கு இது கருப்பையா. நாளைக்கு ஒரு கிறிஸ்தவன், அடுத்த நாள் ஒரு முஸ்லிம், அதுக்கப்புறம் சாமியே இல்லேன்னு சொல்ற ஒருத்தன்."

டீக்கடை ஓரத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். "அப்போ எவன் வேணும்னாலும் நம்ம சாமியைக் கேவலமாப் பேசலாமா? கேக்க ஆளு வேண்டாமா?" அவர் வம்புக்குக் கேட்கவில்லை. முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

முத்துப்பேச்சி மைக்கை வாங்கினார். "பேசட்டும்ண்ணே. ஒங்களுக்கு வாயில்லையா? நீங்களும் திருப்பிப் பேசுங்க. அதுக்கு எதுக்கு ஒருத்தனைப் புடிச்சு உள்ள வைக்கணும்? ஆத்தாவுக்கு மனசு நொந்தா எங்கிட்டல்ல வந்து சொல்லுவா? ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுக்க அவ என்ன கமிட்டி மெம்பரா?"

கூட்டம் சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டார்.

மத்திய அரசுக்கு அனுப்பும் மனுவை இரண்டு மொழியிலும் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார்கள். எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மலையாளம் எழுதியதில்லை. கையெழுத்தும் ரேகையுமாக எட்டுத் தாள் நிறைந்தது. கடைசியில் முத்துப்பேச்சி பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் போடுங்க டீச்சரம்மா."

"வேண்டாம் பேச்சியக்கா. எனக்கு ஸ்டேஷன்ல, கோர்ட்டுல வேலை. ஒரு பக்கமாப் போடக் கூடாது."

"அன்னைக்கு மட்டும் ஒரு பக்கம் போடலையா நீங்க?" என்றார். சத்தம் போட்டெல்லாம் கேட்கவில்லை. மூடியைப் போட்டுப் பேனாவை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

வழியை மறித்ததாக அவர் உட்பட ஒன்பது பேர்மேல் கேஸ் வந்தது. மனுவுக்குப் பதில், 'பெறப்பட்டது' என்று ஒரு வரி.

4. கூண்டில்

விசாரணைக்கு நம்பர் வர மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சஸ்பென்ஷன் டிஸ்மிஸல் ஆகி, லயத்து வீடும் போய், கருப்பையா குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் மாறி மாறி வந்து, கோர்ட் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

நான் அரசுத் தரப்புச் சாட்சி. ஜெஸி வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"இது சரியான மொழிபெயர்ப்பா?"

"சொல் எல்லாம் சரி."

"அர்த்தம்?"

அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். மஜிஸ்ட்ரேட், "பதில் சொல்லட்டும்" என்றார்.

"இது வேண்டுதல். பிள்ளைக்கு அடிபட்ட அப்பா தன் சாமியிடம் அழுதது."

மஜிஸ்ட்ரேட் என்னையே பார்த்தார். "அப்போ ஏன் அதைக் குறிக்கலை?"

"குறிச்சேன். வேண்டாம்னாங்க. கிழிச்சுட்டேன்."

அந்த எஸ்.ஐ. மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம். கோர்ட்டில் என் முகத்தைத் தவிர வெட்கப்பட வேறு முகம் இல்லை.

வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று கருப்பையாவை விடுதலை செய்தார்கள். வராந்தாவில் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொல்லு மாத்தலையே டீச்சரம்மா," என்றார். "நான் எழுதுனதுதான அது." அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார். திட்டியிருந்தால் தேவலை.

சாட்சி சொன்ன மாசத்தோடு ஸ்டேஷனிலிருந்து ஜீப் வருவது நின்றது. அடுத்த வருஷம் ஆபீஸையும் மூடினேன்.

5. பிறகு

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். சொல்லுக்குச் சொல் என்று கேட்பார்கள். கொடுங்கள். ஆனால் குறிப்பை எடு என்றால் சீலை எடுத்துப் பைக்குள் வையுங்கள். ஒருவனை உள்ளே வைக்க ஒரு பொய்கூடத் தேவைப்படாத சட்டம் இது. நம் கையில் இருக்கும் சரியான தாள் ஒன்றே போதும்.

அந்தப் பிரிவு இப்போதும் இருக்கிறது. புதுச் சட்டத்தில் நம்பர்தான் மாறியிருக்கிறது. போன வருஷம் ஜெஸி வக்கீல் மறுபடி ஒரு மனு கொண்டுவந்தார். முதல் கையெழுத்து என்னுடையது. இந்த முறை இரண்டு தாள்கூட நிறையவில்லை.

கையெழுத்துக் கேட்டு முத்துப்பேச்சியைப் பார்க்க எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். வழி மறித்த கேஸில் அபராதம் கட்டியிருந்தார், முழங்காலும் போய்விட்டது. மத்தியானப் பூஜை நேரம். கோவில் முன்னால் நாலைந்து பெண்கள் நின்றார்கள். பேத்திக்கு டெங்கு, மூன்று நாளாக ஐ.சி.யூ.வில் என்றார் முத்துப்பேச்சி. நடை திறந்ததும் அவர் வாயைத் திறந்தார். பழைய முத்துப்பேச்சி என்றால் ஆத்தாவைத் திட்டுகிற திட்டில் அந்த வளாகமே அதிர்ந்திருக்கும். பக்கத்தில் யார் கையில் போன் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கையைக் கூப்பி, "தாயே, அருள் புரியணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.