மட்டையோடு ஓடியவனின் தொப்பி

மொன்றியல் நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருக்கும் என்னுடைய சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்தால் கல்லாவுக்கு மேலே முதலில் இரண்டு சாமான் கண்ணில் படும். ஒன்று பிள்ளையார் படம். மற்றது ஒரு தொப்பி. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம். விளிம்பு பிய்ந்து, வியர்வை பட்ட இடம் வெளிறிப்போய் இருக்கும். இந்த நகரத்தை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு பேஸ்போல் அணியின் தொப்பி அது. பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்காவில் வேறொரு ஊரில் விளையாடுகிறார்கள். நான் இன்னும் மொன்றியல் அணிதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடந்த இலையுதிர் காலத்தில் என் சொந்த மகனே அந்தத் தொப்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தான். அதைத் திரும்ப ஏற்ற நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

முதலில் தொப்பி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதியாக வந்து இறங்கியபோது இங்கிலீஷும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. முதல் மாதமே ஒரு பெரிய உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவ நின்றேன். அங்கே என்னைப்போல வேகமாகக் கழுவியவன் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இன்றைக்கு எனக்குச் சொந்தமாகக் கடை இருக்கிறது, புறநகர் கர்க்லாண்டில் வீடு இருக்கிறது. என்னை ஒருவரும் தூக்கிவிடவில்லை.

அந்தச் சமையலறையின் தலைமைச் சமையல்காரர் பிரெஞ்சு பேசுகிற ஒரு கியூபெக்காரர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவு உடம்பு. வெங்காயம் வெட்டுகிற மேசைக்கு மேலே ஒரு ரேடியோ வைத்திருந்தார். கோடை முழுக்க அதில் பேஸ்போல் வர்ணனை போகும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அவர் சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தத்தை வைத்து வெற்றியா தோல்வியா என்று கண்டுபிடிப்பேன். அநேகமாகச் சத்தம் பலமாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. அன்று எங்கள் சமையலறைக்காரர்கள் இன்னொரு உணவகத்துக்காரர்களோடு பூங்காவில் பேஸ்போல் ஆடுவார்கள். ஒரு திங்கள் ஆள் குறைந்தது, என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஊரில் கிரிக்கெட் ஆடியவன். நான் மட்டை பிடித்தால் பந்தைத் தேடி இரண்டு வளவு தாண்டிப் போகவேண்டும். அதனால் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

இடது கைக்குப் போடச் சொல்லி ஒரு தோல் கையுறை தந்தார்கள். அதைக் கழற்றிப் புல்லில் வைத்தேன். உயரமாக வந்த முதல் பந்தை வெறுங்கையால் பிடித்தேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். சமையல்காரர் ஓடிவந்து, கொதியெண்ணெய்க்குள் விட்ட கையைப் பார்ப்பது போல, என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு என் முறை வந்தது. முதல் பந்தே சரியாக அகப்பட்டது. எல்லோருடைய தலைக்கும் மேலால் வேலி வரை போனது. ஓடினேன். எப்படி ஓடினேன்? கையில் மட்டையோடு. கிரிக்கெட்காரன் மட்டையை விடுவானா? முதல் பேஸ் என்கிற வெள்ளைத் திண்டுக்குக் கிட்ட வந்ததும் குனிந்து மட்டையை நீட்டி அதைத் தொட்டேன். தொட்டுவிட்டு, இன்னொரு ஓட்டம் எடுக்கலாம் என்று திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்தேன். அங்கேயும் குனிந்து மட்டையால் தொட்டு, மூன்றாவது ஓட்டத்துக்கும் திரும்பினேன்.

நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பக்கத்து ஆட்களும் புல்லில் விழுந்து கிடந்து சிரிக்கிறார்கள். ஒருவன் எழும்பி, ஒரு தடியை எடுத்து என்னைப்போலவே ஓடிக் காட்டினான். பேஸ்களைச் சுற்றித்தான் ஓடவேண்டும், திரும்பி ஓடி வந்த நான் ஆட்டமிழந்துவிட்டேன் என்பது கடைசியாகத்தான் விளங்கியது. பேருந்துத் தரிப்புக்கு நடந்தேன். பின்னால் சமையல்காரர் மூச்சு வாங்க ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் மட்டையை வாங்க வந்திருந்தார். கோபத்தில் அதையும் கொண்டுவந்துவிட்டேன். மட்டையை வாங்கிக்கொண்டு, நாளைக்கு வேலை முடிய என்னோடு வா, கண்ணால் பார் என்று கையால் காட்டினார்.

அடுத்த நாள் மெட்ரோ எடுத்து, சாய்ந்த கோபுரம் ஒன்று நிற்கிற, எங்கள் நகரத்து அணி ஆடுகிற பெரிய மைதானத்துக்குப் போனோம். கூரைக்குக் கிட்ட, மலிவான இருக்கை. சுற்றி வர அரைவாசி இருக்கைக்கு ஆளில்லை. அடிக்கிறவன் அடித்த கையோடு, சுட்ட சட்டியை விடுவது போல மட்டையை விட்டெறிந்துவிட்டு ஓடினான். சரி, அது விளங்கியது. சமையல்காரர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன்.

மற்றது யாரும் காட்டாமல் நானாகக் கண்டது. எங்கள் அணி படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வயதான பெண், கம்பளி பின்னுகிற ஊசியை நிறுத்தாமல், மூச்சு விடாமல் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் புதிதாக ஒருவன் அடிக்க வரும்போதெல்லாம் பின்னலை மடியில் போட்டுவிட்டுக் கை தட்டினாள். திட்டுகிற ஒருவரும் எழும்பிப் போகவில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழும்பி நின்று தமிழில் கத்தினேன்.

“டேய், பந்தைப் பாரடா! ஆகாயத்தில என்னத்தைப் பாக்கிறாய்?”

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். வந்த நாளிலிருந்து நான் இந்த நாட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. வேலையிடத்தில் மெர்சி, அதாவது நன்றி, வீட்டுச் சொந்தக்காரரிடம் மெர்சி, குடிவரவு அலுவலகத்தில் தலையாட்டு, அவ்வளவுதான் என் பேச்சு. ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அந்தப் பெண் சமையல்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு எனக்கும் கை தட்டினாள். என்ன சொன்னாள் என்று பிரெஞ்சு கொஞ்சம் படித்தபிறகுதான் அவரிடம் கேட்டு அறிந்தேன். கடைசியில் இவங்களை ஒழுங்காகத் திட்டத் தெரிந்த ஒருவன் வந்திருக்கிறான் என்று சொன்னாளாம்.

அன்றைக்கும் தோற்றார்கள். வெளியே வரும்போது சமையல்காரர் தன் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். அதுதான் இந்தத் தொப்பி. வெல்கிற அணியைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சேரவில்லை. நான் கத்த இடம் தந்த அணி அது. அதற்குப் பிறகு அவர்கள் எத்தனை தரம் தோற்றால் எனக்கென்ன?

அணி நகரத்தை விட்டுப் போன அடுத்த நாள் கடைச் சுவரில் தொப்பியை ஏற்றினேன். அதன் பிறகு சுவருக்கு வெள்ளையடிக்கத்தான் கழற்றினேன், காய்ந்த உடனே திரும்ப ஏற்றினேன்.

இப்போது மகனிடம் வருகிறேன். முப்பத்தேழு வயது, இங்கே பிறந்தவன். கடையை அநேகமாக அவன்தான் பார்க்கிறான். சின்ன வயதில் மைதானத்துக்குக் கூட்டிப்போனால் பொப்கோர்ன் தின்றுவிட்டு நித்திரை கொள்வான். அப்படிப்பட்டவனுக்குக் கடந்த இலையுதிரில் பைத்தியம் பிடித்தது. ரொறன்ரோ அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. பெரிய டிவி ஒன்று வாங்கி மாட்டினான். தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த பொடியன்களை எல்லாம் ஆட்டம் பார்க்கக் கூப்பிட்டான். ஒரு நாள் மத்தியானம் நான் கடைக்குள் வந்தால், பிள்ளையாருக்குப் பக்கத்தில் ரொறன்ரோக் கொடி தொங்குகிறது.

“தொப்பி எங்கை?”

“பெட்டிக்குள்ள கவனமாய் வைச்சிருக்கிறன், அப்பா. இந்தக் கிழமை மட்டும்தான்.”

“ஆரைக் கேட்டுக் கழட்டினனீ?”

“அப்பா, அந்த டீமே இப்ப இல்லை. இல்லாத டீமுக்கு ஏன் ஒரு ஆணி?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்னைப் பொடியன் ஒருவன் சமாதானம் செய்ய வந்தான். “டொராண்டோவும் நம்ம கனடா டீம்தானே, அங்கிள்?”

“தம்பி, நீர் பெங்களூர் அணிக்குக் கை தட்டுவீரோ?”

“அது எப்படி அங்கிள், அது வேற.”

“அதுதான்,” என்றேன். அவன் ரொட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

மகனிடம் ஒன்று மட்டும் சொன்னேன். தொப்பி ஏறும்வரை நான் கொத்துத்தட்டில் கை வைக்கமாட்டேன். இந்த நகரத்தில் என்னைப்போலக் கொத்துரொட்டி போட ஆள் இல்லை. இதையும் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஒரு கிழமை, ஏழு நாளும், மூலை மேசையில், டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தேன். மகனே கொத்து போட்டான். வாடிக்கையாளர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு என் பக்கம் பார்ப்பார்கள். நான் கூரையைப் பார்ப்பேன். அவனும் இறங்கவில்லை. என் பிள்ளை அல்லவா.

கடைசி ஆட்டத்தன்று நான் கடைக்குப் போகவில்லை. அடுத்த நாள் காலை கடையைத் திறக்க வந்தபோது மகன் ஏற்கெனவே உள்ளே இருந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. சுவரிலிருந்து கொடியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான்.

“என்ன செய்யிறாய்?”

“தோத்திட்டாங்கள். இனி என்னத்துக்கு?”

அந்தக் கிழமை முழுக்க வராத கோபம் அப்போதுதான் எனக்கு வந்தது.

“போடு திருப்பி.”

“நீங்கள்தானே கழட்டச் சொல்லிச் சண்டை பிடிச்சனீங்கள்?”

“வெண்டிருந்தால் இண்டைக்கும் கழட்டத்தான் சொல்லியிருப்பன். தோத்த அண்டைக்குக் கழட்டுறவன் என்ர கடையில நிக்கேலாது.”

அவன் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான். நிமிராமலே கேட்டான்: “உங்கட டீம் போன அண்டைக்கு நீங்கள் அழுதனீங்களோ, அப்பா?”

“அண்டைக்கு நிறைய வெங்காயம் வெட்டினனான்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். பிறகு எழும்பிக் கொடியை இருந்த இடத்திலேயே மாட்டினான். நான் கேட்கவில்லை, அவனாகவே கதிரையில் ஏறி, அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு ஆணி அடித்தான். பெட்டியிலிருந்து தொப்பியை எடுத்து, தூசி தட்டி, அதில் மாட்டினான். நேராக இருக்கிறதா என்று கேட்டான். இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்றேன். திருத்தினான். நான் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கொத்துத்தட்டுக்குப் போனேன்.

கொடி இன்றைக்கும் அங்கே இருக்கிறது, தொப்பிக்குக் கீழே. அதைப் பார்த்துவிட்டு, ஐயாவும் ரொறன்ரோப் பக்கம் மாறிவிட்டார் என்று சிலர் கதை கட்டுகிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், நான் மாறவில்லை. அது மகனின் கொடி. தோற்ற அணியின் கொடி என்றபடியால் சுவரில் இடம் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். என்னுடைய அணிக்கு இந்த வருடமும் ஓர் ஆட்டமும் இல்லை. ஆகவே இந்த வருடமும் அவர்களை எவனாலும் தோற்கடிக்க முடியாது.