கிளாரன்ஸ் அங்கிளின் வயது

எஸ்.டி.டி. வருவதற்கு முன், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பியாட்ரிஸ் ஆன்ட்டியின் குரலைக் கேட்காமல் யாரும் வெளியூருக்குப் பேசியிருக்க முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவர். பெயரை நிறுத்திச் சொல்வார், மூன்று எண்ணும்வரை காத்திருப்பார், பதில் இல்லையென்றால்தான் அடுத்ததற்குப் போவார். அப்படி ஒரு குரலை அதற்குப் பிறகு நான் கேட்டதேயில்லை.

2001-இல் ரிடையர் ஆனார். மற்றவர்கள் ஜெபமாலையும் கையுமாக உட்காருவார்கள். இவர் வாக்காளர் பட்டியலும் கையுமாக உட்கார்ந்தார். காரணம் இருந்தது. அந்த வருஷத்து வார்டு தேர்தலில் எங்கள் தெருவில் கல்லறைக்குப் போனவர்களில் ஒன்பது பேர் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். செத்து உயிர்த்தெழுந்தவர் ஒருவர்தான் என்று நம்பி வந்த எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

பட்டியலின் நகலை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பெங்களூரில் பேயைத் திருப்பி அனுப்பக் கதவில் ‘நாளே பா’, அதாவது நாளைக்கு வா, என்று எழுதிவைப்பார்கள். தேர்தல் ஆபீசில் ஆன்ட்டிக்கும் அதே பதில்தான். தகவல் கேட்கும் சட்டம் கர்நாடகத்தில் நடைமுறைக்கு வந்த பிறகு ஆன்ட்டி ஒரு மனு எழுதினார். நகல் வந்தது. பக்கத்து வீட்டு யூஜினாகிய நான், பேங்க் குமாஸ்தா, ஃபைல் தூக்க நேர்ந்துவிடப்பட்டேன். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அன்றோடு போனது.

வீடு வீடாகப் போனோம். இறந்தவர் பெயரை நீக்க, வீட்டிலுள்ள ஒருவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தெருமுனைத் தையற்கடைக் கோமளம் மட்டும் மாமனார் பெயரை விட மறுத்தாள்.

“பேராச்சும் இருந்துட்டுப் போட்டும் ஆன்ட்டி. யாருக்கு என்ன நஷ்டம்?”

“பேர் இருந்தா ஓட்டு இருக்கும். ஓட்டு இருந்தா அதப் போட எவனாவது ஒருத்தன் வருவான். சைன் பண்ணு கோமளம்.”

கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதம் ஆன்ட்டியிடம் பேசவில்லை.

ஆனால் அதே பட்டியலில் நானூற்றுப் பதினேழாம் எண்ணில் கிளாரன்ஸ் அங்கிளும் இருந்தார். ஆன்ட்டியின் கணவர். 1991-இல் ஒரு ஞாயிறு காலை, பூசைக்குக் கிளம்பும்போது ஷூ லேசைக் கட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. அப்போது வயது ஐம்பத்திரண்டு. யாரும் நீக்கச் சொல்லாததால், பட்டியலைத் திருத்தும்போதெல்லாம் அவர் வயதையும் ஏற்றி எழுதிக்கொண்டே வந்தார்கள்.

அங்கிள் பெயரை மட்டும் ஏன் நீக்கவில்லை என்று ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். ஆன்ட்டி பைபிளுக்குள்ளிருந்து, அங்கிள் பெயருக்கு வந்த பழைய வாக்காளர் சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். தொண்ணூற்று நாலில் ஐம்பத்தைந்து. தொண்ணூற்று ஆறில் ஐம்பத்தேழு. தொண்ணூற்றொன்பதில் அறுபது.

“பாரு மேன், என்கூடவே அவருக்கும் வயசாகுது. அறுபதாவது பர்த்டேக்கு நான் பிளம் கேக் பண்ணேன். நீகூட ரெண்டு பீஸ் சாப்ட்ட.”

சாப்பிட்டது ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் இல்லாத மாசத்தில் என்ன பிளம் கேக் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

“அவர் பேர்ல எவனாவது ஓட்டுப் போட வந்தா?”

“விடுவனா? எலெக்‌ஷன் அன்னிக்கு ஏழு மணிலேந்து பூத் எதிர்ல உக்காந்திருக்கேனே, எதுக்குன்னு நெனச்ச?”

ஊருக்குத்தான் உபதேசமா என்று வாய்வரை வந்தது. கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2003 கடைசியில் புதிய பட்டியலைக் சர்ச் ஹாலில் எல்லோர் முன்னாலும் வாசிக்க ஏற்பாடு செய்தோம். தேர்தல் வேலையில் இருந்த ஒரு கன்னடக்கார கிளார்க் வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். வாசிப்பது ஆன்ட்டி, வேறு யார்? பெயரைச் சொல்லி மூன்று எண்ணுவார். யாராவது ஆட்சேபித்தால் கிளார்க் எழுதிக்கொள்வார். மௌனம் சம்மதம்; பெயர் நிற்கும்.

“நானூத்திப் பதினேழு. கிளாரன்ஸ். வயசு அறுபத்தி நாலு.”

குரல் கொஞ்சமும் மாறவில்லை. ஹாலில் இருந்த பாதிப்பேர் அங்கிளின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முன்வரிசையில் கோமளம் இருந்தாள். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் வராது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். என் கண் நிறைந்துவிட்டது.

மூன்று எண்ணியாயிற்று. ஆன்ட்டி அடுத்த பெயருக்குப் போகவில்லை.

“முந்தே ஓதி அம்மா,” மேலே படிக்கச் சொன்னார் கிளார்க்.

“ஆட்சேபணை இருக்கு.”

“யாரு?”

“நான்தான்.”

கோமளம் எழுந்துவிட்டாள். “விட்டுடுங்க ஆன்ட்டி. யாரும் ஒண்ணும் சொல்லலியே.”

“அதான் கோமளம். நீங்க யாரும் சொல்ல மாட்டீங்க.”

கிளார்க் படிவத்தை எடுத்தார். உறவு கேட்டார். மனைவி என்றார் ஆன்ட்டி. காரணம் கேட்டார். இரண்டு வருஷமாக எத்தனையோ பேருக்காகக் கணீரென்று சொன்ன சொல்தான். அது வெளியே வர நேரம் எடுத்தது.

“இறந்துட்டாரு.”

கிளார்க் பட்டியலைப் பார்த்து வயதை எழுதப் போனார்.

“அறுபத்தி நாலு இல்ல சார். அம்பத்திரண்டுன்னு எழுதுங்க.”

“லிஸ்ட்ல அறுபத்தி நாலுதானே இருக்கு?”

“லிஸ்ட் தப்பு.”

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். விரலால் அடுத்த வரியைத் தொட்டார்.

“நானூத்திப் பதினெட்டு. பியாட்ரிஸ். கணவர் பேர் கிளாரன்ஸ். வயசு அறுபது.”

நிறுத்தி, மூன்று எண்ணினார். ஹாலில் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வரி அப்படியே நின்றது.