முட்டையும் சீஸும் எழுதிய கொப்பி

முட்டையையும் சீஸையும் நம்பி ஒருவன் மூன்று மாதம் இருந்தால் அவனுடைய இரத்தத்தில் சீனி இறங்க வேண்டும். எனக்கு ஏறியது. நானும் குழம்பி, தாதியையும் குழப்பி, ஒரு பாவமும் அறியாத டில் இலையைச் சந்தேகித்து அலைந்த கதை இது.

டென்மார்க்கின் பிராண்டேயில் எங்கள் மருத்துவ நிலையத்துத் தாதி பொறுமைசாலி. முதல் தடவை சீனி கூடியிருந்தபோது, "மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம். இறங்காவிட்டால் குளிசைதான்," என்றார். "பாண், உருளைக்கிழங்கைக் குறையுங்கள், மிச்சம் இதில் இருக்கிறது," என்று ஒரு தாளைத் தந்தார். இரவில் சாப்பிடுவதை எல்லாம் எழுதி வரும்படி ஒரு சின்னக் கொப்பியும் தந்தார்.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. அவள் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, நான் அங்கை பன்னிரண்டு பேருக்குக் குளிசை குடுத்து, விழுங்கினவையோ எண்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்திட்டு வாறன். வீட்டிலை பதின்மூண்டாவது ஆள் எனக்கு வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சப்பாத்தைக் கழற்றாமல் கதவடிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வீரம் வந்துவிட்டது. "நீர் பாரும், குளிசை எண்ட சொல்லே இந்த வீட்டுக்குள்ளை வராது," என்றேன். அப்போது அவளுடைய கைப்பைக்குள் தலையிடிக் குளிசை இரண்டு அட்டை இருந்தது வேறு விஷயம்.

தாளில் ஒரு சமையற்குறிப்பு இருந்தது. அதைக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். மூன்று முட்டை, ஒரு கைப்பிடி சீவின சீஸ், டில், புர்லொய். டில் என்பது பெருஞ்சீரகச் செடியின் இலைபோல மயிர் மயிராக இருக்கும். புர்லொய் வெங்காயத்தாளின் நோஞ்சான் தம்பி. இரண்டையும் கடையில் சின்னச் சின்னச் சட்டியில் உயிரோடு விற்பார்கள். யன்னலடியில் வைத்தேன். முதல் கிழமையே டில் செத்து, இன்னொன்று வாங்க வேண்டி வந்தது. அதற்கும் சீனி வருத்தமோ என்னவோ.

தாச்சியில் பட்டர் போட்டு, அது நுரைத்து அடங்கும்போது அடித்த முட்டையை ஊற்ற வேண்டும். நெருப்பைக் குறைத்து, சீஸைத் தூவி, மூடி வைக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது என்று தாளில் இருந்தது. நான் ஆறு நிமிடத்தில் ஒன்பது தடவை திறந்தேன். கடைசியில் வெட்டின இலைகளைப் போட்டு இறக்கினால், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் சீஸ் நூல் நூலாக இழுபட்டு வரும். பச்சைமிளகாய் தாளில் இல்லை. அது அவர்களுடைய மறதி என்று நானே இரண்டைச் சேர்த்தேன்.

மனைவி வேலைக்குப் போகும்போது வழக்கம்போல ரைஸ் குக்கரைப் போட்டுவிட்டுப் போவாள். நான் தொழிற்சாலையால் வந்து, பொரித்து, சோற்றின் மேலே வைத்துச் சாப்பிட்டு, நல்ல பிள்ளையாகக் கொப்பியில் எழுதுவேன்: முட்டை மூன்று, சீஸ், டில். அடுத்த நாளும் அதே. எழுத்து மட்டும் நாளுக்கு நாள் வடிவாகிக்கொண்டே போனது.

மூன்று மாதம் முடிந்து இரத்தம் கொடுத்தேன். தாதி கணினியைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், திரும்பக் கணினியைப் பார்த்தார்.

"கூடியிருக்கிறது," என்றார். "எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு ஒழுங்கான கொப்பியை நான் கண்டதில்லை. இடையில் ஏதாவது இனிப்பு?"

"இல்லை."

"பாண்?"

"மணந்துகூடப் பார்க்கவில்லை."

"இன்னொரு மூன்று மாதம் தருகிறேன்," என்றார். "அதற்குப் பிறகு என்னிடம் வேறு வழியில்லை."

காரை ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மஞ்சள் சீஸில் பிழையோ? வெள்ளைக்கு மாறினேன். டில்லில் ஏதேனும் சீனி ஒளிந்திருக்குமோ? வெறும் இலையை மென்று பார்த்தேன், இனிக்கவில்லை. மருத்துவ நிலையத்தில் என் இரத்தம் வேறு யாருடையதோடோ மாறிவிட்டது என்றுகூட ஒரு நாள் முடிவுகட்டினேன். எங்கோ ஒரு டென்மார்க்காரர் என்னுடைய நல்ல இரத்தத்தை வைத்துக்கொண்டு கேக் சாப்பிடுகிறார் என்று நினைக்க வயிறு எரிந்தது.

ஒரு நாள் மனைவி மேசையில் ஒரு குளிசைப் பெட்டியை வைத்தாள். கிழமையின் ஏழு நாளுக்கும் ஏழு மூடி. "வேலையிடத்திலை புதுசு வந்தது, பழசை எறியப் போனவை. கிடக்கட்டும் எண்டு கொண்டு வந்தனான்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்தச் சனிக்கிழமை, ஒடென்சேயில் படிக்கிற மகள் வந்திருந்தாள். என் கைப்பக்குவத்தைக் காட்ட ஆசைப்பட்டுப் பொரித்தேன். குக்கர் டக்கென்று அணைந்தது. ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குவித்து, மேலே பொரியலைப் போட்டு மேசைக்கு வந்தால், அவள் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோப்பையைப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். அந்தத் தாதி பார்த்த அதே பார்வை.

"அப்பா," என்றாள் டேனிஷில், "ஒவ்வொரு நாளும் சோற்றோடுதான் சாப்பிட்டீர்களா?"

"பின்னை என்னத்தோடை சாப்பிடுறது?"

"கொப்பியில் சோறே இல்லை."

"சோத்தை ஆரும் எழுதுவினமோ பிள்ளை? என்ன சாப்பிட்டது எண்டுதானே கேட்டவை!"

சொல்லி முடித்த பிறகும் பிழை எங்கே என்று எனக்கு ஓடி வெளிக்கவில்லை. எங்கள் ஆட்கள் தொலைபேசி எடுத்தால் "இண்டைக்கு என்ன கறி?" என்றுதான் கேட்பார்கள். சோறு இருக்கும். அதை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

மகள் எழுந்து போய்க் காந்தத்தை எடுத்துத் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல். மூன்றாவது சோறு. நாலு மாதமாகக் கதவில் இருந்த அந்தத் தாள், ஒரு நாளாவது முதுகைக் காட்டவில்லை.

நான் செய்கிற வேலையையும் சொல்லத்தான் வேண்டும். காற்றாலை இறகுகளில் பிழை பார்க்கிறவன். ஒரு இறகின் நீளத்துக்கு நடந்து, நாரிழைத் துணியில் நகமளவு சுருக்கம் இருந்தாலும் பிடித்துவிடுவேன். மூக்குக்குக் கீழே கிடந்த சோற்றுக் குவியல் மட்டும் தப்பிவிட்டது.

"அம்மா!" என்று மகள் கூப்பிட்டாள். மனைவி வந்து கேட்டாள்.

"சோறு சோறுதானே," என்று தொடங்கினவள் பாதியில் நின்றாள். "ஐயோ. நானெல்லோ குக்கரைப் போட்டிட்டுப் போறனான்! அங்கை கிழவியளின்ரை தட்டிலை ஒரு உருளைக்கிழங்கு கூடினாலும் எடுத்துப்போடுறன். இஞ்சை என்ரை கையாலை..."

"அப்ப குற்றவாளி ரெண்டு பேர்," என்றேன், பாரம் குறைந்த சந்தோஷத்தில்.

"ஒண்டரை," என்றாள் அவள். "திண்டது நீங்கள்."

மறுநாள் பொரியலை வெறும் கோப்பையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கை பிசையப் போய் வெறுமையில் நின்றது. முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டு, இன்னொரு துண்டு. முடிந்துவிட்டது. கழுவி வைத்த பிறகும் சாப்பாடு இனித்தான் வரப்போகிறது என்று மேசையடியிலேயே இருந்தேன். ஒரு கிழமைக்கு அப்படித்தான்.

மூன்றாம் தடவை தாதி கணினியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். துள்ளிக் குதிக்கிற இறக்கமில்லை, ஆனால் இறங்கியிருந்தது. குளிசையை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்றார். கொப்பியைப் புரட்டியவர், ஒவ்வொரு நாளும் கடைசி வரியில் "சோறு: இல்லை" என்று ஏன் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அது பெரிய கதை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

காருக்குள் இருந்தபடியே மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். இடைவேளை போல, கோப்பிக் கோப்பைகளின் சத்தம் கேட்டது.

"என்னவாம்?"

"உமக்குப் பன்னிரண்டு பேர்தான்."

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபட்டது.

"சரி," என்றாள். "அந்த ஏழு மூடிப் பெட்டியை எறியாதேங்கோ. புர்லொய் விதை போட்டு வைக்கலாம்."