கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பஸ்

டொய்ங் என்றது. வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் புதிதாக வந்திறங்கியிருந்த கம்ப்யூட்டர். குமாஸ்தாப் பெண் மறுபடி விரல்களை ஓட்டினாள். மறுபடி டொய்ங். "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு சார்!" என்று அவள் உள்ளே பார்த்துக் கத்த, வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்ட, நான் மட்டும் சிரித்தேன். அந்த ஓசை என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், எழுபதுகளின் கடைசியில், அடையாறில், ஜன்னலே இல்லாத ஒரு குளிர் அறையில் விட்டது.

வெளியே புரட்டாசி வெயில். உள்ளே ஸ்வெட்டர். அப்படி ஒரு அறை. ஆராய்ச்சிக் கூடத்தில் புரோகிராம் எழுதும் உத்தியோகம் எனக்கு. பெரிய கம்ப்யூட்டர் வேறொரு கட்டடத்தில் மகாராஜா மாதிரி வீற்றிருக்கும். எங்களுக்கு வாய்த்தது அதன் தூதுவன், ஒரே ஒரு டெர்மினல். டைப்ரைட்டர் போல விசைகள், திரை கிடையாது. நாம் கேட்பதும் அது சொல்வதும் தடதடவென்று காகிதத்தில் விழும். பாஸ்வேர்ட் கேட்கும்போது மட்டும் அதற்கு வெட்கம் வந்துவிடும். எழுத்தின்மேல் எழுத்தாகத் தானே அடித்து ஒரு கறுப்புக் கட்டம் போடும். அந்தக் கறுப்பின் மேல் நாம் அடிக்க வேண்டும். யார் என்ன அடித்தார்கள் என்பது அடித்தவருக்கே தெரியாது.

என் நண்பர் ஒருவர் அங்கே ஆராய்ச்சி மாணவர். அடையாற்றின் முகத்துவாரம் ஏன் மணல் மூடிப்போகிறது என்பது அவர் கேள்வி. அதற்காக ஊரூர் குப்பத்தை ஒட்டிய கரையில் மணலை அளந்து அளந்து சட்டைப் பொத்தானெல்லாம் துருப்பிடித்திருந்தது. அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உஸ்மான் ரோட்டில் வேர்விட்டவர். மணலை அளக்கும் மகன்மேல் அவருக்கு நம்பிக்கை தேய்ந்துவிட்டது. தீபாவளிக்குள் பேராசிரியர் வாயால் 'தேறுவான்' என்று வந்தால் படிக்கலாம், இல்லையென்றால் கல்லாவில் உட்கார வேண்டும். இதுதான் தீர்ப்பு. பேராசிரியரோ விஜயதசமியன்று மாலை ஒரு வருஷத்துக்கு வெளிநாடு பறக்கிறார். போகும் வழியில் நான்கு மணிக்கு வருவேன், அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டு வரும் முடிவைக் கையில் கொடு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

விஜயதசமி காலை. முந்தின நாள் ஆயுத பூசை, யாரும் எதையும் தொடவில்லை. அதற்கும் முந்தைய மாலையே பொரி, கடலை, பொட்டு, பூ எல்லாம் முடிந்து, விடுமுறைக்கு முன் எல்லாரும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுப் போங்கள் என்ற உத்தரவுக்கும் கீழ்ப்படிந்திருந்தோம். நண்பர் உட்கார்ந்தார். கறுப்புக் கட்டம். அடித்தார். தவறு என்றது காகிதம்.

"பஸ் நம்பர்தாங்க வச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"எந்த பஸ்?"

"தினமும் நான் வர்ற பஸ்தாங்க." அடித்தார். தவறு. நிதானமாக அடித்தார். தவறு. காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற பஸ்ஸா இருக்குமோ?"

ஒரு மனிதனின் நிச்சயம் கரைவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இயந்திரம் இல்லை என்றது. அவரும் மெல்ல, தன்னைவிட அதை நம்பத் தொடங்கினார். திரும்பிப் போகும் பஸ்ஸை அடித்தார். கூட்டமாக இருந்தால் ஏறும் பஸ்ஸை அடித்தார். குலதெய்வத்தை அடித்தார். அம்மா பெயரை அடித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நீங்க மெட்ராஸ் பஸ் எல்லாத்தையும் முடிச்சுட்டு மதுரைக்குப் போறதுக்குள்ள நாலு மணி ஆயிடும். கிளம்புங்க, மேனேஜர் வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

ஆட்டோ பிடித்தோம். பாலத்துக்குக் கீழே ஆறு மினுங்கியது, உப்புக்காற்று ஸ்வெட்டரைக் கேலி செய்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று நண்பர் விரட்டிக்கொண்டே இருக்க, ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, பொண்ண இஸ்துகினு ஓட்றியா? ஊட்டாண்ட தொரத்துறாங்களா?"

"பாஸ்வேர்ட் மறந்துட்டேங்க," என்றார் நண்பர், பாவம், நிஜமாகவே பதில் சொல்லி.

"அட்ரஸ் நாபகம் கீதுல்ல? அது போதும் வா."

ராஜா அண்ணாமலைபுரத்தில் மேனேஜர் வேட்டியோடு கொலுப்படி முன்னால் நின்றிருந்தார். கம்ப்யூட்டரின் சாவியெல்லாம் அவரிடம்தான். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"முந்தாநாள் மாத்தினதையா மறந்துட்டேள்? நாளைக்குக் கல்யாணம் பண்ணிண்டா ஆத்துக்காரியை யாருன்னு கேப்பீரோ?"

"நீங்க பாத்துச் சொல்லிட்டீங்கன்னா சார்…"

"நான் பாக்க முடியாதுய்யா. பாஸ்வேர்ட் உள்ள போனதும் மெஷின் அரைச்சுடும். மாவைப் பாத்து எந்தக் கடை அரிசின்னு சொல்ல நான் என்ன ஜோசியனா? பழசு போனது போனதுதான். புதுசா ஒண்ணு வச்சுத் தரேன், வாங்கோ."

"சுண்டல் சாப்பிடாம ஒருத்தரும் படி இறங்கப்படாது," என்றாள் உள்ளிருந்து மாமி. நண்பர் அந்தச் சுண்டலை மென்ற வேகத்தில் மணலையே மென்றிருப்பார்.

மேனேஜர் பெரிய கட்டடத்துக்குள் போய் வந்தார். "மறக்க முடியாததா வச்சிருக்கேன். சுண்டல்!" கறுப்புக் கட்டத்தில் நண்பர் இங்கிலீஷில் சுண்டல் என்று அடித்தார். தடதடவென்று காகிதம் வரவேற்றது. கதவு திறந்துவிட்டது! நண்பர் கைகூப்பிய கையோடு கடைசி அளவுகளை ஏற்றத் தொடங்கினார். நான் வாசிக்க வாசிக்க அவர் அடித்தார். பதினேழு என்றேன். காகிதத்தில் ஒன்று மட்டும் நின்றது. எழுபத்திரண்டு என்றேன். வெறும் இரண்டு.

அவர் ஏழாம் எண் விசையை மட்டும் அழுத்தினார். சம்பந்தி வீட்டு மெத்தையில் உட்கார்ந்த மாமா மாதிரி, கீழே போன விசை எழுந்திருக்கவே இல்லை. மேனேஜர் குனிந்து மோந்து பார்த்தார்.

"சந்தனம்! யாருய்யா இதுக்குள்ள சந்தனத்தை ஊத்தினது?"

"நான்தான் சார். எங்க கடையில கத்திரிக்கோல், கஜக்கோல், கல்லாப்பெட்டி எல்லாத்துக்கும் தாராளமா வைப்போம். ஒரு பொட்டோட விட்டா அப்பாவுக்குப் பிடிக்காது."

"பொட்டா இது? அபிஷேகம்னா பண்ணியிருக்கீர்!"

நண்பர் அதைக் கேட்கவில்லை. அவர் முகம் வேறெங்கோ மலர்ந்துகொண்டிருந்தது. "என் பஸ்ஸுல ஏழு இருக்குங்க! அன்னைக்கு ஈரமா இருந்த சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிச்சு, இன்னைக்கு அந்தக் கறுப்புக்குள்ள ஏழு விழவே இல்ல. நான் மறக்கலைங்க! நான் மறக்கவே இல்ல!" கதவு திறந்தபோதுகூட அவர் அப்படிக் குதிக்கவில்லை. தன் தலை தன்னிடம் திரும்பி வந்த குதிப்பு அது.

என் கொண்டை ஊசியும் மேனேஜரின் ஸ்பிரிட்டும் பஞ்சுமாகச் சந்தனத்தைக் குடைந்து எடுத்தோம். ஏழு எழுந்தது. நான் வாசிக்க, அவர் அடிக்க, மகாராஜா யோசிக்க, பேராசிரியரின் கார் வாசலில் ஹாரன் அடித்தபோது கடைசித் தாள் இன்னும் வந்துகொண்டிருந்தது. கிழித்துக்கொண்டு ஓடினோம். காரில் இருந்தபடியே புரட்டினார். "நன்னா வந்திருக்கு. தேறிடுவே. நான் வர வரைக்கும் நிறுத்தாம எழுது," என்றார். கார் போய்விட்டது. புழுதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நான் சொன்னா அப்பா நம்ப மாட்டாருங்க. நீங்களும் வாங்க."

உஸ்மான் ரோட்டில் தீபாவளிக் கூட்டம் தோளால் நடந்துகொண்டிருந்தது. கடைக்குள் புதுத்துணியின் கஞ்சி வாசம். நண்பரின் அப்பா ஒரு பட்டுப்புடவையை மடித்தபடியே நான் சொன்னதைக் கேட்டார்.

"வாத்தியாரே சொன்னாராம்மா? ஒன் காதால கேட்டியா?"

"கேட்டேங்க. தேறிடுவேன்னு சொன்னார்."

மடிப்பில் ஒரு சுருக்கத்தை நீவினார். மகனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏல, நாளைக்கு அங்கயே போ. தீவாளி வரைக்கும் சாயந்திரம் மட்டும் இங்க வந்து நில்லு. போதும்."

நண்பர் பக்கத்திலிருந்த துணிக்கட்டைச் சும்மா எடுத்துச் சும்மா வைத்தார். நான் விடைபெற்றுப் படி இறங்கினேன். கூட்டம் என்னை இழுத்துக்கொள்வதற்குள் பின்னாலிருந்து பெரியவர் குரல் வந்தது.

"எம்மா, அங்க அவன ஒரு கண்ணு பாத்துக்கோ. இங்க நிரந்தரமா உக்காந்தாம்னா எனக்கு யாவாரம் படுத்துரும்."