வில்லோடீன் பார்க்காத கையெழுத்துகள்

வில்லோடீன் டேட்டம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. கோடை விடுமுறையிலும் பசியோடு வரும் பிள்ளைகளுக்குச் சோளரொட்டியும் பீன்ஸும் ஆக்கிப் போடுகிறவள். நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தோம். அவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். அதற்காக அவள் என்னோடு பேசாமல் இருந்ததில்லை. கடைத்தெருவில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கூடவே நோட்டரி முத்திரையும் வைத்திருக்கிறேன்.

அவளுடைய தம்பி ஆர்விஸ். இருபது வயதில் ஒரு நாள் நண்பன் கேட்டான் என்று அவனுடைய லாரியை ஓட்டிப் போனான். பின்னால் இருந்தவை திருட்டு டிராக்டர் டயர்கள். ஓட்டியவனும் திருடனே என்று நீதிமன்றம் ஏழு வருடம் கொடுத்தது. அனுபவித்து முடித்து வெளியே வந்தவனுக்கு இப்போது தலை முழுக்க நரை. தானியக் கிடங்கில் வேலை. ஒவ்வோர் ஆண்டும் அவனுடைய வரிக்கணக்கை நான்தான் எழுதுகிறேன். வரி வாங்கும்போது அரசாங்கம் அவனிடம் பழைய கதை எதையும் கேட்டதில்லை. ஓட்டு என்றால் மட்டும் அந்த டயர்கள் ஞாபகம் வந்துவிடும். அமெரிக்காவின் தெற்கே எங்கள் மாநிலத்தில் ஒருமுறை சிறைக்குப் போனவனுக்குச் சாகும்வரை ஓட்டு கிடையாது.

இதை மாற்றச் சட்டமன்றத்துக்கு மனமில்லை. ஆனால் மக்கள் நேராகவே ஒரு வழி செய்யலாம். மனு எழுதி, ஒவ்வொரு மாவட்டத்திலும் போதுமான வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கினால், நவம்பர் தேர்தல் சீட்டில் அது ஆம், இல்லை என்று மக்கள் முடிவு சொல்லும் கேள்வியாக அச்சாகும். மாவட்டம் ஒன்று குறைந்தாலும் கேள்வி இல்லை. எங்கள் ஆற்றங்கரை மாவட்டத்துக்காக, மனுத்தாள் செருகிய அட்டையும் பேனாவுமாகப் புறப்பட்டவள் வில்லோடீன். தம்பி செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது ஓட்டுச்சாவடிக்குள் அவனைக் கூட்டிப் போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆர்விஸ் அவளுக்கு வண்டி ஓட்டினான். குடை பிடித்தான். அட்டையை மட்டும் தொடக்கூடாது. கையெழுத்து வாங்குகிறவர் வாக்காளராக இருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காக மனுவோ அவனே அதைத் தொட்டால் தீட்டு. இப்படி ஒரு விதியை எழுதிவிட்டு இதற்கு மக்களாட்சி என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்.

மளிகைக் கடை வாசலிலிருந்து மேலாளர் விரட்டினார். வாகனப் பதிவு அலுவலக நடைபாதைக்குப் போனார்கள். அங்கே பிரென்ட் வந்து சேர்ந்தான். கையெழுத்துப் போடவிடாமல் தடுப்பதற்கென்று சம்பளம் வாங்கும் பையன். நல்ல மரியாதை தெரிந்தவன். கையில் எப்போதும் போன்; படம் பிடித்துக்கொண்டே இருப்பான்.

"மேடம், இதுல கையெழுத்துப் போட்டா உங்க விலாசம் ஊருக்கே தெரிஞ்சுபோகும். கொலைகாரனுக்கும் ஓட்டு குடுக்கச் சொல்றாங்க, படிச்சுப் பாத்தீங்களா?" என்று வரிசையில் நிற்பவர்களின் காதருகில் சொல்வான். பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

"தம்பி, நீ எந்த ஊரு?" என்று வில்லோடீன் கேட்டாள்.

"ஐடஹோ, மேடம்."

"அம்மாடி. அவ்வளவு தூரத்துலேருந்து என் தம்பி ஓட்டைத் தடுக்க வந்திருக்க. உங்க ஊர்ல தடுக்க ஒருத்தனும் அகப்படலையா?"

"என் வேலை இது, மேடம். தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடு. தண்ணி மேல எனக்குக் கோவமில்ல."

ஜூன் மாதம், கறுப்பின மக்களின் அடிமைத்தளை அறுந்த நாளைக் கொண்டாட எங்கள் பூங்காவில் மீன் பொரிப்பார்கள். கெளுத்தி மீன் வாசனைக்கு ஊரே வரும். அந்த வருடம் வெயில் கொளுத்தியது. நடுப்பகலில் வில்லோடீனுக்குத் தலை சுற்றியது. அட்டையை மேசைமேல் வைத்து, "நான் வர்ற வரைக்கும் யாரையும் போடவிடாதே" என்று ஆர்விஸிடம் சொல்லிவிட்டுக் காருக்குள் போய்ப் படுத்தாள். காற்றில் தாள் பறந்தது. ஆர்விஸ் கையால் அமுக்கினான். வரிசையில் நின்ற ஆஸ்பத்திரி நர்ஸ் கோரீன், "எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாச்சு ஆர்விஸ், பேனாவைக் குடு" என்றாள். கொடுத்தான். அவளுக்குப் பின்னால் அடுத்தவர். ஜனங்கள் தாமாக வந்து நிற்கிறார்கள். பிரென்ட்டும் பக்கத்தில் இல்லை. இப்படி ஒரு வரிசையை அவன் அந்தக் கோடையில் பார்த்ததே இல்லை. தாள் நிறைந்தது. அக்கா திரும்பி வந்ததும் அதை அடியில் தள்ளி வைத்தான். சொல்லவில்லை.

தாள்களைத் தலைநகருக்குக் கொண்டுபோகும் வேன், கெடுவின் கடைசி நாள் மதியம் என் கடையிலிருந்துதான் புறப்பட வேண்டும். அதற்கு முந்தின நாள் காலை வில்லோடீன் தன் தாள்களோடு சத்தியம் செய்ய வந்தாள். அது சடங்குதான். நான் வாசிப்பேன்; அவள் கை உயர்த்துவாள்; கையெழுத்திடுவாள்; நான் முத்திரை வைப்பேன்.

"இந்தத் தாள்களில் உள்ள ஒவ்வொரு கையெழுத்தும் என் கண்முன் போடப்பட்டது" என்று வாசித்தேன்.

கதவருகில் நின்ற ஆர்விஸ், "அக்கா, கையை இறக்கு" என்றான்.

இறக்கினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பூங்காவில் நடந்ததைச் சொன்னான்.

"அந்தப் பையன் படம் எடுத்தானா?" என்று நான் கேட்டேன்.

"தெரியல. அவன்தான் எப்பவும் எடுத்துட்டே இருப்பானே."

படம் இருந்தால் பொய்ச் சத்தியம், சிறை. அவளுடைய ஓட்டும் போகும். படம் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. அந்தத் தாளைக் கழித்தால் எங்கள் மாவட்டம் தேறுவது சந்தேகம். அது மூவருக்கும் தெரியும். கள்ளக் கையெழுத்து இல்லை. உண்மையான மனிதர்கள், உண்மையான பெயர்கள், உண்மையான விருப்பம். பக்கத்தில் நின்ற மனிதன் தவறானவன், அவ்வளவுதான். பொய்யனை இந்த விதி ஒன்றும் செய்யாது. அவன் கையை உயர்த்திவிட்டு வீட்டுக்குப் போவான். இடறி விழுவது வில்லோடீன் போன்றவர்கள் மட்டும்தான். வேலி போட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

"ஏன்டா, என்கிட்ட சொல்றதுக்கு இவ்வளவு நாளாச்சா உனக்கு?"

"உன் கை மேல போனதும்தான்க்கா பயம் வந்துச்சு."

அவள் பேனாவை எடுத்து அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு பெயரையும் ஒரே கோடாக அடித்தாள். ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளை இட்டாள். அடித்த பெயர் படிக்கத் தெரிய வேண்டும் என்பதும் விதி. முடித்ததும் எழுந்தாள்.

"வண்டியை எடு. ஒவ்வொரு வீடாப் போய் மறுபடி வாங்குவோம்."

கோரீன் உடனே போட்டாள். "ரெண்டாவது கையெழுத்துக்கு ரெண்டாவது தட்டு மீன் உண்டா, வில்லோ?" என்று சிரித்தாள். அன்று அவர்கள் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

சர்ச்சில் மூப்பரான டீக்கன் ஹோஸியா கம்பிக்கதவைத் திறக்காமலே பேசினார். "ஒரே மனுவுல ரெண்டு தடவை போட்டா ஜெயில்னு காலையில போன்ல சேதி வந்திருக்கு, சிஸ்டர் டேட்டம்."

"முதல்ல போட்டதை அடிச்சாச்சு, டீக்கன். இதோ பாருங்க."

"அடிச்சும் என் பேரு நல்லாத் தெரியுதே."

"தெரியணும்னுதான் சட்டம்."

"என் மக மாவட்ட ஆபீஸ்ல வேலை பாக்குறா, சிஸ்டர். புரிஞ்சுக்கோங்க. உங்களுக்காக நான் ஜெபம் பண்றேன்."

"ஜெபத்துக்கு விலாசம் எழுத வேண்டாம்ல, டீக்கன். அதான் வசதி" என்றான் ஆர்விஸ். அக்கா அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வீட்டில் ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சியை அணைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கோழி ஆலையில் வேலை செய்யும் பையனுக்காக, அவனுடைய இடைவேளை மணி அடிக்கும்வரை இருவரும் வெயிலில் காவலாளியின் கூண்டுக்கு வெளியே நின்றார்கள். அவன் தலையில் வலைத்தொப்பியோடு ஓடி வந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துப் போட்டுவிட்டு ஓடினான். ஒருத்தி மெம்ஃபிஸுக்குக் குடிபோய்விட்டாளாம். ஒருவர் மருத்துவமனையில், குழாய்களுக்கு நடுவில். அவருடைய மனைவி, "அவர் கையைப் பிடிச்சு நான் போடட்டுமா?" என்று கேட்டாள். வில்லோடீன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "வேண்டாம்மா. நீ அவரைப் பாரு" என்று சொல்லி எழுந்தாள்.

மறுநாள் காலையும் அலைந்தார்கள். மதியம் என் கடை வாசலில் கார் வந்து நின்றது. வேன்காரர் இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். நான் வெளியே போனேன். அவள் மடியில் புதுத் தாள். மேலே கொஞ்சம் பெயர்கள். கீழே பெரும்பாலும் வெற்றுக் கோடுகள்.

"அக்கா, நான் ஒரு தடவை போடறேன்" என்றான் ஆர்விஸ்.

"செல்லாதுடா."

"தெரியும். போட்டதும் நீயே அடிச்சிரு."

வேன்காரர் ஹாரன் அடித்தார். அவள் அட்டையை அவனிடம் நீட்டினாள். அவன் இந்தத் தடவை தயங்காமல் வாங்கினான். ஸ்டியரிங்கின்மேல் வைத்து, ஆர்விஸ் லெராய் டேட்டம் என்று முழுப்பெயரையும் எழுதினான். விலாசம் எழுதினான். தேதி போட்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாங்கி, ஒரு கோடு இழுத்தாள்.

"தலைநகர் ஆபீஸ்ல உன் பேரு இருக்கும்" என்றாள்.

"ஜெயில் ஆபீஸ்லயும்தான் இருக்கு."

உள்ளே வந்து கை உயர்த்தினாள். நான் வாசித்தேன். முத்திரை வைத்தேன். வேன் போய்விட்டது.

ஜூலையில் எண்ணி முடித்தார்கள். மற்ற மாவட்டங்கள் தேறின. எங்கள் மாவட்டம் ஒரு தாள் அளவுகூட இல்லாத குறைவில் தோற்றது. நவம்பர் சீட்டில் கேள்வி இல்லை. அந்தப் பழைய தாள் அடிபடாமல் போயிருந்தால் ஜெயித்திருப்போம் என்று ஊரில் பலர் சொன்னார்கள், டீக்கன் உட்பட.

அந்த வாரமே பிரென்ட் என் கடைக்கு வந்தான். வீட்டு வாடகைக் காகிதம் ஒன்றுக்கு முத்திரை வேண்டுமாம், ஊருக்குப் போகிறானாம். பூங்காவில் எடுத்த படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"எந்தப் படம், சார்? அன்னிக்கு வெயில்ல என் போன் செத்துப்போச்சு. நான் மரத்தடியில மீன் தின்னுட்டிருந்தேன். இந்த ஊர் மீன் மாதிரி வராது."

காகிதத்தில் முத்திரை குத்தி அனுப்பினேன். இதை வில்லோடீனிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பள்ளிச் சமையலறைக்குப் போய்ச் சொன்னேன். அவள் பெரிய கரண்டியால் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. அடுப்பின் ஆவி முகத்தில் அடித்தும் அவள் நகரவில்லை.

"அவன் பாக்கலையா?"

"பாக்கலை, வில்லோ. ஒருத்தரும் பாக்கலை."

"நானும் பாக்கலையே, லெஸ்டர்" என்றாள்.

வெளியே பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். அவள் முன்தானையைப் போலத் தொங்கிய ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் தட்டை வாங்கினாள். காருக்குள் ஆர்விஸ் அவளுக்காகக் காத்திருந்தான். நவம்பரிலும் அவன் அப்படித்தான் அவளை ஓட்டுச்சாவடிக்குக் கூட்டிப்போய், வெளியே காரிலேயே உட்கார்ந்திருப்பான்.