அவசரத்துக்கு அழைக்க ஓர் எண்

ஐம்பதை நெருங்கும் வயதில், வீட்டில் உட்கார முடியாமல், சங்கரன்கோவிலிலிருந்து தனியாகப் போய்ச் சென்னை மாரத்தானில் ஓடினேன். முப்பதாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து விழுந்தேன். ஓடிவந்த தன்னார்வலர் என் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையைத் திருப்பி, அவசரத்துக்கு அழைக்க நான் எழுதியிருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மணி என் இடுப்புப் பையில் அடித்தது.

"அண்ணாச்சி, ஒம்ம நம்பரையே எழுதி வச்சிருக்கீரு! மயங்கிக் கெடந்தா நீரே எடுத்துப் பேசுவீராக்கும்?" என்றார். பேச்சு நம்ம ஊர்ப் பக்கத்துப் பேச்சு. "வீட்டுல ஆருமில்லையா?"

"தம்பி இருக்கான். பேசுததில்ல."

நொண்டிக்கொண்டே ஓட்டத்தை முடித்தேன். ஊர் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அடுத்த தெருவுக்குப் போனேன். ஆறு வருடமாகப் பேசாத தம்பி கதவைத் திறந்தான்.

"ஒன் நம்பரச் சொல்லுலே. அடுத்த ஓட்டத்துக்கு அட்டையில எழுதணும்."

அந்த எண் எனக்கு மனப்பாடம்தான். பேச்சைத் தொடங்க வேறு வார்த்தை கிடைக்கவில்லை.