கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிடித்த சிகரெட்

காரின் உள்பக்கம் கழுவும் தொழிலில் சேறு, வாந்தி, டிக்கியில் கவிழ்ந்த மீன்கூடை, வெயிலில் பழுத்து வெடித்த பலாப்பழம் எல்லாமே ஒரு நாள் வேலை. சிகரெட் வாடை மட்டும் உயிரை வாங்கிவிடும்.

பழைய கார் வாங்கி, ஏசியைப் போட்ட மறு நிமிஷம், முகம் தெரியாத எவனோ ஊதிய புகையை முகத்தில் வாங்கியவர்கள் இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து திட்டலாம். கடலூரில், சிதம்பரம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு ஷெட் இருக்கிறது. நானும் என் கொழுந்தன் வேலுவும்தான் ஆள். இங்கே சொல்வதெல்லாம் ஒரே ஒரு வெள்ளைக் கார் எங்களைப் படுத்திய பாடு.

டாக்டர் வண்டி

செல்வகுமார் சார் சிதம்பரத்தில் கணக்கு வாத்தியார். அவர் மகள் யாழினிக்கு ஒன்பது வயது, வீசிங் தொல்லை. பைக்கில் புழுதியைத் தின்றுகொண்டு ஸ்கூலுக்குப் போய் இழுப்பு அதிகமாகிறது என்றுதான் கடலூரில் ஒரு புரோக்கரிடம் இந்தக் காரையே வாங்கினார். பார்க்கப் போன அன்று உள்ளே மூன்று சென்ட் பாட்டில் தொங்கியதாம். ஒரே ஓனர், டாக்டர் வைத்திருந்த வண்டி என்று அளந்திருக்கிறான். சென்ட் தீர்ந்ததும் டாக்டரின் லட்சணம் தெரிந்துவிட்டது. ஏசியைப் போட்டாலே பிள்ளைக்கு இருமல். அப்புறம் அவள் ஏறவே மாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டாள்.

 புரோக்கருக்கு நானே போன் போட்டேன். இப்படி வாடை அடிக்கிற வண்டியைச் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எப்படிய்யா கொடுத்தாய் என்று கேட்டால் சிரிக்கிறான்.

“இன்னாம்மா நீங்க, வாடை வண்டில இல்ல, உங்க மூக்குலதான் இருக்கு.”

வாளித் தண்ணி

கண்ணாடியின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். துணி மஞ்சளாக வந்தது. சீட்டுகளைக் கழற்றி வெயிலில் வைத்தோம். கூரைத் துணியை அழுத்தித் தேய்த்தால் பசை விட்டுத் தொங்கிவிடும். அண்ணாந்துகொண்டே நுரை போட்டு ஒற்றி ஒற்றி எடுத்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஏசி ஃபில்டரை உருவினால் அடுப்புக்கரி தோற்றது.

நிறைய பேர் மறந்துவிடுவது சீட் பெல்ட். அதைக் கடைசிவரை வெளியே இழுத்து, திரும்பி உள்ளே ஓடாமல் கிளிப் போட்டு, வாளித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், தண்ணீர் கரும்பழுப்பாக மாறியிருந்தது. பெண்டாட்டி பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதானே இத்தனையையும் ஊதியிருப்பான்? வேலு வாளியை எட்டிப் பார்த்தான்.

“அண்ணி, சக்கரை போட்டா டீன்னு வித்துடலாம் போல.”

வெளியாள் மூக்கு

அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து வேலை செய்தால் நம் மூக்கு வாடைக்குப் பழகிவிடும். நமக்கு நாமே பாஸ் மார்க் போட்டுக்கொண்டு வண்டியைக் கொடுத்தால் மறுநாள் திட்டு விழும். அதனால் வேலை முடிந்ததும் வெளியாள் யாரையாவது மோந்து பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். டீக்கடைக்காரர் பிரயோஜனமில்லை, அவர் காதிலேயே ஒரு பீடி செருகியிருக்கும். எதிரில் பூ கட்டும் கனகாக்காவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பெரிய ஜட்ஜ் மாதிரி இறங்கினார்.

“ஒரு வாடையும் இல்லம்மா, ஆனா எனக்குக் கருவாட்டுக் கடையில நின்னாலும் மல்லி வாசந்தான் அடிக்கும்.”

சாமி புகை

இனி யாரையும் நம்புவதில்லை என்று யாழினியையே வரவழைத்தேன். ஏசியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். இருமவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு கூட இரண்டு கை அதிகமாக இறங்கியது.

அடுத்த வாரமே வண்டி திரும்பி வந்தது. கதவைத் திறந்தால் மூச்சு முட்டும் சாம்பிராணி. வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்ததோடு விட்டார்களா? சாருக்கு லைசென்ஸ் உண்டு, ஆனால் எதிரில் லாரி வந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிடுவார். அதனால் அவர் மனைவியின் தம்பி பாஸ்கர்தான் வண்டி ஓட்டுகிறவன். மிச்சமிருக்கிற வாடையும் போகட்டும் என்று சொல்லி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாம்பிராணித் தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவன் அவன். மறுநாள் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைக்கும்படி ஆயிற்று. புகையை எடுக்கப் புகை போடுவார்களா என்று நான் கத்தினேன். பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிற மனுஷன் சொல்கிறார்:

“அது சாமி புகை மேடம், ஒண்ணும் பண்ணாதுன்னு மச்சான்தான் சொன்னாரு.”

மூன்றாம் தடவை

பத்து நாள் கழித்து ஒரு காலையில் சார், யாழினி, பாஸ்கர் மூன்று பேரும் அதே காரில் வந்து இறங்கினார்கள். யாழினி மூக்கைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தாள். இது பழைய வாடை இல்லை, புத்தம் புதுசு. டிரைவர் பக்கத்துக் கதவுப் பையில் கையை விட்டேன். சாம்பலும் இரண்டு சிகரெட் துண்டும் வந்தன. சாம்பிராணி எதை மறைக்கப் போட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளங்கையைப் பாஸ்கர் முன்னால் நீட்டினேன். கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டுமே! “பாப்பாவ ஸ்கூல்ல எறக்கிட்டுத் திரும்பி வரசொல்லதான் புடிச்சேன்க்கா, அதுவும் கண்ணாடிய எறக்கிட்டுதான்” என்றான்.

இந்தக் கண்ணாடிக் கதையை எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! ஓடுகிற வண்டியில் கண்ணாடியை இறக்கினால் புகை ஒழுங்காக இறங்கி நடந்துபோகுமா? பாதி பின் சீட்டில்தான் போய் ஒட்டும், அந்தப் பிள்ளை உட்காரும் இடத்தில். வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். சார் மச்சானைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார். மனைவியின் தம்பியை ஒரு வார்த்தை கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

மறுபடி ஃபில்டர், மறுபடி கூரை, மறுபடி பெல்ட். சாயங்காலம் யாழினி உள்ளே உட்கார்ந்து மோந்து பார்த்தாள், தலையாட்டினாள். பாஸ்கர் சாவிக்குக் கை நீட்டினான். அவள் இறங்கி வந்து என் கையிலிருந்து சாவியை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள்.

“மாமா, நீங்க பஸ்ல வாங்க, அப்பா ஓட்டட்டும்.”

செகண்ட் கியரிலேயே சிதம்பரம் போய்ச் சேர்ந்த அந்த வண்டி இன்றுவரை என் ஷெட்டுக்குத் திரும்பி வரவில்லை என்றால், அதற்குக் காரணம் என் நுரையோ மெஷினோ இல்லை, பாஸ்கரை ஏற்றிக்கொண்டு போன பஸ்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கே எரிச்சலாக இருக்கிறது.